கேட்டால் ரத்தாகும் கோழிக்குஞ்சுகள்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றவள் நான். சிரிக்க வேண்டாம். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், சுவர்க்கடிகாரம் ஒன்றையும் பளபளக்கும் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்றதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

உண்மையில் ஓய்வுபெற்றது, நான் பத்தாண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிரல். போர்ட் பிளேரிலிருந்து மற்ற தீவுகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு தனியார் ஏஜென்சியின் கணினியில் அது ஓடியது. யாருடைய சரக்கு, எந்தத் தீவுக்கு, கப்பலின் எந்த மூலையில் என்பதையெல்லாம் அதுதான் நினைவில் வைத்திருந்தது. மெயின்லேண்டிலிருந்து புதிய செயலி ஒன்று வந்ததும் அதை அணைத்துவிட்டார்கள். நிரலின் கழுத்தில் மாலை நிற்காது. அதனால் என் கழுத்தில் போட்டார்கள். இப்போது போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வேறு யாருக்கோ வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை நான் ஓய்வுபெற்ற மூத்தவள்.

மூத்தவர்களிடம் இளையவர்கள் சந்தேகம் கேட்பது வழக்கம். இந்த ஊர் இளையவர்கள் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "அக்கா, ரெண்டு கேள்விக்குறி பக்கத்துல பக்கத்துல நிக்குதே, எழுதினவருக்கே டவுட்டா?" என்று ஒன்று. "இந்த ஆச்சரியக்குறி எதுக்குக்கா, எதைப் பார்த்து ஆச்சரியப்படுது?" என்று இன்னொன்று. இப்போதெல்லாம் நிரலின் பெரும்பகுதியை இயந்திரமே எழுதித் தந்துவிடுகிறது. சொற்களைப் பார்த்தால் ஓரளவு ஊகித்துவிடலாம். குறிகளைப் பார்த்தால் முடியாது. தேடிப் பார்க்கலாமென்றாலும் தேடுபொறியில் வெறும் குறியைப் போட்டால் அது வெறுங்கையை விரிக்கும். முதலில் குறியின் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிந்தவர் ஏன் தேடப் போகிறார்?

ஆகவே நான் சரக்கு பாஷையிலேயே பதில் அனுப்புவேன். இரண்டு கேள்விக்குறி சந்தேகமில்லை. 'இது இல்லாவிட்டால் அதை வைத்துக்கொள்' என்பது. பெறுபவர் பெயர் எழுதப்படவில்லையா, அனுப்பியவர் பெயரையே போட்டுக்கொள். ஆச்சரியக்குறி ஆச்சரியப்படுவதில்லை, எதைச் சொன்னாலும் 'அது இல்லை' என்று முகத்தைத் திருப்பும். விழுக்காட்டுக் குறிக்கு விழுக்காட்டோடு பேச்சுவார்த்தையே கிடையாது. நாற்பது மூட்டையை ஆறாறாக வண்டியில் ஏற்றினால் கடைசியில் தரையில் கிடக்கும் நான்கு மூட்டையை அது சொல்லும். அடுத்தடுத்து இரண்டு & போட்டால், முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தவுடன் இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே எழுந்து போய்விடும். மனிதர்களுக்கும் இந்தப் பழக்கம் இருந்தால் நன்றாக இருக்கும்.

போன வாரம் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இதுல எது ரொம்ப மோசமானது?"

சமக்குறி என்றேன். அவள் நம்பவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்த குறியாயிற்றே! அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இங்கேயே டிப்ளமா படித்தேன், மின்சாரம் இருந்தபோது செய்முறைத் தேர்வு எழுதினேன், தேறினேன். அப்பாவுக்கு நான் அரசு வேலைக்குப் போக வேண்டுமென்று ஆசை. நான் செய்யது காக்காவின் அலுவலகத்துக்குப் போனேன்.

செய்யது காக்கா எங்கள் மேலாளர். குடும்பம் கீழக்கரைப் பக்கம். அவர் பிறந்ததிலிருந்து இங்கேதான். அந்த ஊர் வழக்கப்படி அண்ணனைக் காக்கா என்பதால், தமிழர், வங்காளி, தெலுங்கர் என்று அலுவலகம் முழுக்க அவரைக் காக்கா என்றே அழைத்தது. நிரல் எழுத அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவரிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று "ஆச்சா?" என்ற சொல். இன்னொன்று வலக்கைச் சுட்டுவிரல். எந்த மேசையைக் கடந்தாலும் "ஆச்சா?" என்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் குனிந்து, நம் விசைப்பலகையில், சரக்கின் நிலையைக் காட்டும் விசாரணைப் பொத்தானை அந்த ஒற்றை விரலால் அமுக்கி, திரையில் வருவதைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பத்தாண்டில் நான் மாற்றிய விசைப்பலகைகள் எல்லாவற்றிலும் அந்த ஒரு பொத்தான்தான் முதலில் தேய்ந்தது.

அவர் வைத்திருந்த சட்டங்களும் இரண்டு. மூன்றாவதாக ஒன்றும் உண்டு, ஆனால் அது அலுவலகத்தில் மீன் பொரியல் சாப்பிடுவது பற்றியது.

முதல் சட்டம்: நிரலில் எந்த மாற்றம் செய்தாலும், செய்தவர் அதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். கப்பல் துறையில் சரக்குப் பட்டியலை அப்படித்தான் படிப்பார்கள். "குறியைப் படிக்காதே வாசுகி. அது என்ன வேலை செய்யுதுன்னு சொல்லு. சாமான் பேரைச் சொல்லாம வெறும் மார்க்கைச் சொன்னா ஏத்துறவனுக்கு என்ன புரியும்?" என்பார். நான் நின்றுகொண்டு, 'பெட்டியின் எடை அளவுக்கு மேல் இருந்து, அதை மேல்தளத்தில் வைக்கச் சொல்லியிருந்தால், எச்சரிக்கை காட்டு' என்று செய்தி வாசிப்பவளைப் போலப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். கண் திறந்தால் மாற்றம் ஏற்கப்பட்டது என்று பொருள். சில சமயம் தூங்கிவிட்டாரோ என்று தோன்றும்; தூங்கியதில்லை.

இரண்டாவது சட்டம்: ஏற்றுப் பட்டியல் திறந்ததிலிருந்து கப்பல் கயிறு அவிழ்க்கும்வரை யாரும் நிரலைத் தொடக் கூடாது. "கப்பல் பக்கத்துல நிக்கும்போது கயிறு மாத்தக் கூடாது" என்பது அவர் வாக்கு. நான் சேருவதற்கு முன் யாரோ ஏற்றும் நேரத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்து, கமோர்ட்டாவுக்குப் போக வேண்டிய சிமென்ட் முழுக்க வேறு தீவில் இறங்கிவிட்டதாம். அந்தத் திருத்தம் என்னவென்று யாருக்கும் நினைவில்லை. சிமென்ட் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இந்தத் தீவுகளின் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே கேள்வி கேட்பது ஆபத்தான காரியம். வானம் கொஞ்சம் கறுத்ததும் ஒருவர் டீக்கடையில் "கப்பல் கேன்சலா?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்பவர் பஜாரில் போய், "கப்பல் கேன்சலாமே?" என்பார். உச்சி வெயிலுக்குள் வடகோடி திக்லிபூர்வரை "கப்பல் கேன்சல்" என்று போய்ச் சேர்ந்திருக்கும். கப்பலோ துறையில் நின்றபடி புகை விட்டுக்கொண்டிருக்கும். கேட்டே ஆக்கிவிடுவார்கள். நிரல் எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த நோய். ஒரு சமக்குறி போட்டால் 'இப்படி ஆக்கு' என்று பொருள். இரண்டு சமக்குறி போட்டால்தான் 'இப்படி இருக்கிறதா?' என்ற கேள்வி. கேள்வி கேட்கப் போய் ஒரு குறியைக் கோட்டை விட்டால், கணினியும் டீக்கடைக்காரராகிவிடும்.

இனி கோழிக்குஞ்சுகள்.

கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்காக இலங்கையிலிருந்து வந்து குடியமர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. புவனேஸ்வரி அக்கா அப்படி ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர். நாற்பதுகளில் இருந்தார், ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போன கை, காய்ப்புக் காய்ப்பாக இருக்கும். அங்கே சில பெண்களைச் சேர்த்துக் கோழி வளர்க்கும் குழு ஒன்றை ஆரம்பித்திருந்தார். முதல் முறை வாங்கிய குஞ்சுகள், கப்பல் தள்ளிப்போய், துறையிலேயே சூட்டில் செத்துவிட்டன. குழுவில் பாதிப் பேர் விலகப் பார்த்தார்கள். இன்னொரு தரம் மட்டும் நம்புங்கள் என்று இவர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, கூடு கட்டவைத்து, தானே கப்பலேறி வந்து பொரிப்பகத்தில் குஞ்சுகளை வாங்கியிருந்தார். பொரித்து ஒரு நாள்தான் ஆன குஞ்சுகள். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போதென்று சொல்ல முடியாது. குஞ்சுகள் காத்திருக்காது, குழுவும் காத்திருக்காது.

கப்பல் புறப்படும் நாள் காலையில் காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிகளோடு வந்தார். அலுவலகம் முழுக்கக் கீச்கீச்சென்று நிறைந்துவிட்டது. பதிவு முன்பே உறுதியாகியிருந்தது. ஏற்றுப் பட்டியலும் திறந்துவிட்டது. அவர் கவுண்டருக்கு வந்து, "தம்பி, நம்ம குஞ்சு இந்தக் கப்பல்ல போகுதுதானே?" என்று கேட்டார்.

கவுண்டரில் இருந்தவன் பிரசேன்ஜித். திக்லிபூர் வங்காளிப் பையன், எனக்கு அடுத்தபடியாக நிரல் பார்ப்பவன். ஆள் குறைந்தால் கவுண்டரிலும் உட்காருவான். தமிழும் இந்தியும் கலந்து பேசுவான். விசாரணைப் பொத்தானை அமுக்கினான். திரை சிவப்பானது.

"அரே! கேன்சல் காட்டுது, ஆன்ட்டி."

"என்னது? யாரு கேன்சல் பண்ணினது? நேத்து நீங்கதானே சரின்னு சொன்னீங்க!"

பிரசேன்ஜித் அவசரமாக மீண்டும் உறுதி செய்தான். அக்கா நெஞ்சில் கைவைத்தபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மனம் கேட்காமல் எழுந்துவந்து, "இன்னொருக்காப் பாருங்க தம்பி, சரியாத்தானே இருக்கு?" என்றார். பார்த்தான். சிவப்பு. மறுபடி உறுதி செய்தான். அந்த நேரம் பார்த்துக் காக்கா வந்தார். "ஆச்சா?" விரல் இறங்கியது. சிவப்பு.

"யாருப்பா விளையாடுறது?"

அதற்குள் அக்காவின் கைபேசி அடித்தது. கட்சாலிலிருந்து அவருடைய நாத்தனார். பதிவு செய்பவர்களுக்கு ஓர் இணைப்பு அனுப்புவோம். அதைத் தொட்டால் வீட்டிலிருந்தே நிலையைப் பார்க்கலாம். நாத்தனார் தொட்டுப் பார்த்திருக்கிறார். "அண்ணி, ரத்துன்னு சிவப்புல போட்டிருக்கு! இங்க எல்லாரும் கூட்டமா வந்து நிக்கிறாங்க!" என்ற குரல் எங்களுக்கே கேட்டது.

"பொறு, பொறு. நான் இங்கதான் நிக்கிறேன். அவங்களை எங்கயும் போக விடாதே" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார். "தங்கச்சி, யாரோ கண்ணு வச்சிட்டாங்க. போன தடவையும் இப்பிடித்தான்."

பிரசேன்ஜித் நெட்வொர்க்கைக் குறை சொன்னான். காக்கா, கப்பலில் யாருக்கோ கோழி வாடை பிடிக்கவில்லை என்று சந்தேகப்பட்டார். நான் வழக்கம்போல ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போட்டேன். ஒவ்வொரு முறை ரத்தானபோதும் என்னென்ன பொதுவாக இருந்தது? ஒரே ஆள் அல்ல. ஒரே கணினி அல்ல. ஒரே இடம்கூட அல்ல. அடித்துக்கொண்டே வந்ததில் ஒரு வரிதான் மிஞ்சியது: யாரோ கேட்டார்கள்.

எனக்கே அது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றியது. சரிபார்க்க என் பெயரில் ஒரு சேவலைப் பதிவு செய்தேன். இல்லாத சேவல்தான்; பதிவு செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. உறுதி. ஒரு டீ குடிக்கும் நேரம் யாரும் அதைக் கேட்காமல் விட்டுவைத்து, தரவுத்தளத்துக்குள் நேராகப் போய் எட்டிப் பார்த்தேன். உறுதியாகவே இருந்தது. பிறகு விசாரணைப் பொத்தானை அமுக்கினேன். சேவல் ரத்து.

நிரலைத் திறந்தேன். தொடவில்லை, படிக்க மட்டும் திறந்தேன். அதற்கு முந்தைய வாரம் பிரசேன்ஜித் சேர்த்த வரி கண்ணில் பட்டது. உயிருள்ள சரக்கு ரத்தாகியிருந்தால் விசாரிப்பவருக்குச் சிவப்பில் காட்ட வேண்டும் என்பது அவன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் இரண்டு சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. 'ரத்தாகியிருக்கிறதா?' என்று கேட்பதற்குப் பதிலாக 'ரத்தாக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, யார் எப்போது விசாரித்தார் என்று குறித்துக்கொள்வதற்காக ஒவ்வொரு விசாரணைக்குப் பிறகும் பதிவைச் சேமிக்கும்படி நிரல் அமைந்திருந்தது. அந்தச் சேமிப்பில் ரத்தும் சேர்ந்து பதிந்துவிட்டது.

அன்று கப்பலில் உயிருள்ள சரக்கு இன்னொன்றும் இருந்தது: ஓர் ஆட்டுக்காரரின் ஆடுகள். அவர் பதிவு செய்ததோடு சரி, ஒரு தரம்கூட விசாரிக்கவில்லை. ஆடுகள் உறுதியாக இருந்தன. கவலைப்பட்டவருடைய சரக்கு ரத்து, கவலைப்படாதவருடையது பத்திரம். இதைவிட நியாயமில்லாத ஒரு வரியை நான் படித்ததில்லை.

மூவரும் காக்காவின் அறையில் கூடினோம். பிரசேன்ஜித்தின் முகம் வாடிப்போயிருந்தது.

"தீதி, ஏக் ஹீ தோ பராபர் ஹை! ஒரே ஒரு சமக்குறிதான் இருக்கு. இப்பவே போட்டுர்றேன். தோ மினிட்."

எனக்கும் கை அரித்தது. காக்கா என்னைத்தான் பார்த்தார்.

"வாசுகி, அந்தக் குறியைப் போட்டா வேற எதுவும் மாறாதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

மாறாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வரியை நம்பி அதற்குக் கீழே வேறெதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை. கப்பலில் குஞ்சு மட்டுமா போகிறது? அரிசி, மருந்து, பள்ளிக்கூடத்துக்கு மேசை, நாற்பது பேருடைய மூட்டை முடிச்சு எல்லாம் போகிறது.

"பண்ண மாட்டேன் காக்கா."

"அப்ப கயிறு மாத்தக் கூடாது." சிறிது நேரம் தாடியைத் தடவினார். "கேட்டாத்தானே கெடுது? கேக்காம இருந்தா?"

"பட்டியல் அச்சாகிற வரைக்கும் யாரும் கேக்காம இருந்தாப் போதும். அச்சுப் போடறது கேள்வி கேக்காது, உறுதியானதை எடுத்துப் போடும். அவ்வளவுதான்."

"யாருமே கேக்காமயா?" என்றான் பிரசேன்ஜித். "தீதி, இது போர்ட் பிளேர்!"

வெளியிலிருந்து கேட்பவர்களை நிறுத்துவது சுலபமாக இருந்தது. அலுவலகத்தை இணையத்தோடு சேர்க்கும் கம்பியை உருவிவிட்டேன். நிரலைத் தொடவில்லையே என்று காக்காவிடம் முன்கூட்டியே சொன்னேன். "தெரியும். கயிறை மாத்தல, கதவைச் சாத்துறோம்" என்று அனுமதி தந்தார். கட்சாலில் இருக்கும் நாத்தனார் இனி எத்தனை முறை தொட்டாலும் பக்கம் திறக்காது. குஞ்சுகளைக் கடைசியாக ஒரு முறை உறுதி செய்தேன்.

உள்ளே இருப்பவர்களை நிறுத்துவதுதான் பாடு. முதலில் புவனேஸ்வரி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். சமக்குறி பற்றி எதுவும் பேசவில்லை. "அக்கா, நீங்க கேட்டா அது கெட்டுப்போகும். கேக்காம இருந்தா குஞ்சு போயிடும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, கவர்மென்டு ஆபீஸ்லதான் கேட்டா கோவிச்சுக்குவாங்க. இப்ப கம்ப்யூட்டருமா?"

"இதுவும் பழகிடுச்சுக்கா."

என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். கேட்கக் கூடாதது ஒன்று இருந்ததால் மற்ற எல்லாவற்றையும் கேட்டார். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, சம்பளம் எவ்வளவு, அம்மா என்ன சமைப்பார், இந்த மின்விசிறி எப்போதும் இப்படித்தான் கத்துமா. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் வாழ்நாளில் அத்தனை பதில்களை வேறு யாருக்கும் சொன்னதில்லை. ஒரு தரம் வாய் வரைக்கும் வந்துவிட்டது: "தங்கச்சி, நம்ம குஞ்சு..." நான் பதறி எழுந்தேன். "...தண்ணி குடிக்கணுமேன்னு சொன்னேன்" என்று முடித்து, ஒரு மூடியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பெட்டிகளிடம் போனார்.

காக்கா தன் அறையில் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் சட்டென்று எழுந்துபோய்ப் பொத்தானை அமுக்கிவிடுவோமோ என்று அவருக்கே பயம். மேசைகளுக்கு நடுவே, கைகளைப் பின்னால் கட்டியபடி நடந்தார். என் மேசைக்கு வந்ததும் நிற்பார். "ஆ..." என்பார். பிறகு, "ஆபீஸ் ரொம்பச் சூடா இருக்கு" என்று நகர்வார். கடைசியில் சட்டைப்பையிலிருந்து தஸ்பீஹ் மணியை எடுத்து வலக்கையில் வைத்துக்கொண்டார். ஓதத்தான் எடுத்தார் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியும், அந்தச் சுட்டுவிரலுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

அச்சுப் போட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது கதவு திறந்தது. ஆட்டுக்காரர்! அத்தனை நாள் வாயே திறக்காத மனிதர். பிரசேன்ஜித்தின் கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"தம்பி, என் ஆடு இருக்கா பாரு."

பழகிய கை. பிரசேன்ஜித்தின் விரல் தானாகப் பொத்தானை நோக்கிப் போனது.

"கேக்காதே!" என்று நான், காக்கா, புவனேஸ்வரி அக்கா மூவரும் ஒரே குரலில் கத்தினோம். பெட்டியில் குஞ்சுகள்கூட ஒரு கணம் அடங்கின.

ஆட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "என்ன பாய் இது? முழுசாக் கட்டணம் கட்டியிருக்கேன். என் ஆட்டைப் பத்தி நான் கேக்கக் கூடாதா?"

காக்கா மணியைப் பையில் போட்டுவிட்டு அவர் தோளில் கைபோட்டார். "தாராளமாக் கேளுங்க. என்கிட்ட கேளுங்க. உங்க ஆடு போகுது. நான் வாயால சொல்றேன். மெஷின்கிட்ட மட்டும் கேக்காதீங்க."

"மெஷினுக்கு என்ன?"

"அதுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல."

"சரியாப் போச்சு. என் சம்சாரம் மாதிரியா?" என்றார் ஆட்டுக்காரர், உடனே சமாதானமாகி. "அப்ப நான் எதுவும் கேக்கல சாமி." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அனுபவசாலி.

அச்சுப் பொறி இரைந்தது. தாள் வெளியே வந்தது. ஆடுகளுக்கு அடுத்த வரியில்: புவனேஸ்வரி, கட்சால், கோழிக்குஞ்சு, மேல்தளம், உறுதி. என் சேவல் அதில் இல்லை. ரத்தான நிலையிலேயே விட்டிருந்தேன். அன்று யாருக்கும் வருத்தம் தராத ஒரே ரத்து அதுதான்.

கப்பல் நின்ற ஹாடோ துறையில் வழக்கம்போலப் பட்டியல் வாசிப்பு நடந்தது. கப்பலின் ஆள் உரக்கப் படித்தார், எங்கள் ஆள் சரக்கைப் பார்த்துக் கோடு போட்டார். பெட்டிகள் நிழல் பார்த்து மேல்தளத்தில் வைக்கப்பட்டன. புவனேஸ்வரி அக்கா அவற்றுக்குப் பக்கத்திலேயே முந்தானையை விரித்து உட்கார்ந்துகொண்டார். கயிறு அவிழ்ந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் தெரிந்ததும் காக்கா என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இப்போது கேட்டால் ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும், பழக்கம் விடவில்லை.

"ஆச்சு காக்கா" என்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும், அந்தக் குறியைச் சேர்ப்பதற்கு முன் காக்கா ஒன்று கேட்டார். "அன்னைக்கு பிரசேன்ஜித் இதை வாய்விட்டுத்தானே படிச்சான்? நம்ம எல்லாரும்தானே கேட்டோம்?"

படித்தான். 'ரத்தாகியிருந்தால் சிவப்பு காட்டு' என்று தெளிவாகப் படித்தான். அவன் மனத்தில் இருந்ததைப் படித்தான், திரையில் இருந்ததை அல்ல. எழுதியவர் கண்ணுக்கு இல்லாத குறியும் தெரியும். காக்கா கண்ணை மூடி யோசித்தார்.

"துறையில நாம எழுதுறோம், கப்பல்காரன் படிக்கிறான். ஆபீஸ்ல மட்டும் ஏன் எழுதினவனே படிச்சான்?" கண்ணைத் திறந்தார். "இனிமே ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிக்கணும்."

பிரசேன்ஜித் விட்டுப்போன சமக்குறியைச் சேர்த்தான். நான் நின்று படித்தேன்: 'ரத்தாகியிருக்கிறதா என்று கேள். கேட்க மட்டும் செய்.' அந்த வரியை நம்பி எழுதப்பட்ட மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் சேவலை மீண்டும் உறுதிசெய்து, விசாரித்து, விசாரித்து, அது உறுதியாகவே நிற்பதைப் பார்த்தேன். கம்பியைத் திரும்பச் செருகினேன். எல்லாம் சரி. ஆனாலும் கடல் நடுவே இருந்த அந்தக் குஞ்சுகளைப் பற்றி அலுவலகத்தில் ஒருவரும் விசாரிக்கவில்லை. கவுண்டருக்கு வருபவர்கள் வந்தார்கள், ஆடு பற்றிக்கூடக் கேட்டார்கள். குஞ்சுப் பதிவை மட்டும் யாரும் தொடவில்லை. போன முறை செத்தவை எல்லோர் மனத்திலும் இருந்தன.

கட்சாலில் சரக்கை இறக்கியதும் அங்குள்ள எங்கள் முகவர் நிலையைப் பதிய வேண்டும். கப்பல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளில் காக்கா காலையிலிருந்து என் மேசையைச் சுற்றி வந்தார். பிற்பகலில் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இப்பக் கேக்கலாமா வாசுகி?"

"கேக்கலாம் காக்கா."

"ஒண்ணும் ஆகாதே?"

"கேட்டா, இருக்கிறதைச் சொல்லும். அவ்வளவுதான்."

"நீயே அமுக்கேன்."

"நீங்கதான் அமுக்கணும்."

பிரசேன்ஜித் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். காக்கா பிஸ்மி சொல்லிச் சுட்டுவிரலை நீட்டினார். அந்தத் தேய்ந்த பொத்தானை, சூடாக இருக்கிறதோ என்று தொட்டுப் பார்ப்பவரைப் போல, மெதுவாக அமுக்கினார்.

திரை பச்சையானது. 'கட்சாலில் இறக்கப்பட்டது.' அதற்குக் கீழே முகவர் குறிப்பு எழுதியிருந்தார்: 'பெட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. சத்தம் தாங்கவில்லை. சீக்கிரம் எடுத்துப் போகச் சொல்லவும்.'

"சத்தம் தாங்கலையாமா?" என்றார் காக்கா. முகமெல்லாம் சிரிப்பு. "கத்துதுங்களா!"

பிறகு என்னைப் பார்த்தார், பிரசேன்ஜித்தைப் பார்த்தார், விரலைப் பார்த்துக்கொண்டார். மறுபடியும் அமுக்கினார்.

பச்சை. அதே பதில்தான்.